களனி விகாரையும் ஒரு தேர்தலும்

கொழும்பு நகரிலிருந்து ஐந்தாறு மைல் தொலைவில், களனி கங்கையின் கரையில் நிற்கும் ரஜமகா விகாரையின்பால் சிங்களப் பௌத்தர்கள் கொண்டிருக்கும் பக்தி, அதன் கட்டடங்களின் பழமையைப் பற்றி எழுந்ததன்று. பழைய கோயிலைப் போர்த்துக்கேயர் பதினாறாம் நூற்றாண்டிலேயே இடித்துத் தரைமட்டமாக்கிவிட்டார்கள். இன்று நாம் காணும் மண்டபத்தின் பெரும்பகுதியும், அதன் சுவர்களில் சோலியஸ் மெந்திஸ் தீட்டிய சித்திரங்களும், ஹெலேனா விஜேவர்தன என்னும் சீமாட்டியின் திரவியத்தால் இருபதாம் நூற்றாண்டில் உருவானவை. ஆனால் புத்த பகவான் ஞானமெய்திய எட்டாம் ஆண்டில், மணியக்கிகன் என்ற நாகராஜனின் அழைப்பை ஏற்று இவ்விடத்தில் வந்தமர்ந்து உபதேசம் செய்தார் என்று மகாவம்சம் சொல்லும் கதை ஒன்றே அந்த மண்ணுக்குப் போதுமான பெருமை. விபீஷணனுக்குப் பட்டாபிஷேகம் நடந்த இடமும் இதுவே என்று மற்றோர் ஐதிகம் உண்டு. விகாரை வளவிலேயே அவனுக்கு ஒரு தேவாலயமும் இருப்பதால், கம்பனைப் படித்த தமிழரும் அங்கே சென்றால் தம்மை முற்றிலும் அந்நியராக உணர்வதில்லை.

இவ்வூரைப் பற்றிய மூன்றாவது கதை ஒன்றுண்டு. களனியை ஆண்ட தீசன் என்ற அரசனுடைய தேவிக்கும் அவனுடைய தம்பிக்கும் கள்ளத் தொடர்பு ஏற்பட, ஊரைவிட்டு ஓடிப்போன தம்பி, தன் ஆள் ஒருவனுக்குப் பிக்கு வேஷம் போட்டு, அரண்மனையில் அன்னதானம் ஏற்கச் செல்லும் வயோதிகத் தேரரின் பின்னே அவனை அனுப்பி, தேவியின் காலடியில் ஓலையைப் போடச் செய்தான். ஓலை விழுந்த சத்தத்தைக் கேட்டுத் திரும்பிய அரசன், எழுத்தின் சாயலைக் கண்டு குற்றமற்ற தேரரையே குற்றவாளியென்று எண்ணிக் கொதிக்கும் எண்ணெயில் இட்டுக் கொன்றான் என்றும், அதனால் கடல் பொங்கி நாட்டை விழுங்கிற்று என்றும், கடலுக்குப் பலியாக அவன் மிதக்கவிட்ட மகளே பின்னர் துட்டகைமுனுவின் தாயானாள் என்றும் மரபு கூறும். சீவரத்தைப் போர்த்தவன் யார் என்று பாராமல் சீவரத்தை மட்டுமே பார்க்கும் கண்களுக்கு அரண்மனைக் கதவு திறந்தே இருக்கும் என்பதை இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே கண்டுகொண்ட ஊர் அது. அதே ஊரின் விகாராதிபதி ஒருவர், இலங்கையின் மிகப் பெரிய தேர்தல் வெற்றியொன்றுக்குப் பிரதான காரணஸ்தராக இருந்து, அந்த வெற்றியால் பிரதமரானவரை மூன்றரை ஆண்டுகளுக்குள் கொலை செய்வித்த குற்றத்துக்காகச் சிறையில் மாண்ட சரித்திரமே நாம் இங்கே ஆராயப் புகுவது.

பிக்குகள் அரசியலில் தலையிடலாமா என்ற வினா இலங்கையில் மிகப் பழையது. அரசனுக்கு ஆலோசனை கூறுவதும், வாரிசுச் சண்டைகளில் பக்கம் சாய்வதும், துட்டகைமுனு எல்லாளன்மீது படையெடுத்தபோது அவனுடைய சேனையோடு கூடவே சென்றதும் வம்சகதைகளில் பதிந்த செய்திகளே. 1815ஆம் ஆண்டின் கண்டி உடன்படிக்கையில், பௌத்த மதம் பங்கமுறாது காக்கப்படும் என்று ஆங்கிலேயர் எழுதிக் கொடுத்த ஐந்தாம் ஷரத்து, பின்னர் மிஷனரிமாரின் நிர்ப்பந்தத்தால் ஏட்டளவில் நின்றதும், அதன் எதிரொலியாக 1873இல் பாணந்துறையில் மீகெட்டுவத்தை குணானந்த தேரர் பாதிரிமாரோடு வாதிட்டதும், அநகாரிக தர்மபாலர் தோன்றியதும் தனியே விரித்தெழுத வேண்டியவை. ஆனால் வாக்குரிமை வந்தபின் எழுந்த பிக்கு அரசியல், அரசனுக்கு ஆலோசனை கூறும் பழைய வழக்கத்தின் தொடர்ச்சி என்று சொல்வதற்கில்லை. அரசன் ஒருவனை இணங்கச் செய்வது வேறு. பல்லாயிரம் குடியானவர்களிடம் இன்ன சின்னத்துக்கு வாக்களியுங்கள் என்று சொல்வது வேறு. 1946 பெப்ரவரியில் களனிக்கு அருகிலுள்ள வித்தியாலங்காரப் பிரிவேனையின் பிக்குகள், மக்களின் நலனைப் பாதிக்கும் எந்தக் காரியமும் பிக்குவுக்குப் புறம்பானதன்று என்று பிரகடனம் செய்தார்கள்; அவர்களுள் முதன்மையான வல்பொல ராகுல தேரர் அதே ஆண்டில் வெளியிட்ட ‘பிக்ஷுவகே உறுமய’ என்ற நூல் அந்தக் கொள்கைக்குச் சரித்திர ஆதாரம் தேடிக் கொடுத்தது. பின்னர் முதற் பிரதமரான டி. எஸ். சேனநாயக்கவுக்கு இது சிறிதும் பிடிக்கவில்லை. வித்தியாலங்காரப் பிக்குகள் இடதுசாரிச் சாய்வுடையவர்கள் என்பது அவருடைய கோபத்துக்கு ஒரு காரணம். மற்றொரு காரணம், அவர்கள் சொன்னதில் இருந்த உண்மை.

தேர்தலில் மதத்தை ஆயுதமாக்கும் கலை களனித் தொகுதிக்கும் புதிதன்று. 1943இல் அங்கே நடந்த இடைத்தேர்தலில், 1915ஆம் ஆண்டுக் கலவரத்தின்போது இராணுவச் சட்டத்தின் கொடுமைகளை லண்டனில் எடுத்துரைப்பதற்காக ஆவணமொன்றைச் சப்பாத்தினுள் மறைத்துக்கொண்டு கப்பலேறினார் என்று சிங்களவர்கள் கொண்டாடிய ஈ. டபிள்யூ. பெரேரா, இளைஞரான ஜே. ஆர். ஜெயவர்தனவிடம் தோற்றார். பெரேரா கிறிஸ்தவர், ஜெயவர்தனவும் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்து பௌத்தரானவரே. எனினும், ஹெலேனா விஜேவர்தன அவருடைய தாயைப் பெற்ற பாட்டியார் ஆதலின், களனி விகாரையின் நிழல் அவர்மீது இயல்பாகவே விழுந்தது. இதை நினைவிற் கொள்வது நன்று. பின்னாளில் அதே நிழல் அவரை விட்டு நகர்ந்தபோது அவர் அடைந்த வியப்பை அப்போதுதான் விளங்கிக்கொள்ள முடியும்.

மாப்பிட்டிகம புத்தரக்கித்த தேரர் 1921இல் பிறந்தவர். இருபத்தாறு, இருபத்தேழு வயதுக்குள்ளேயே செல்வம் கொழிக்கும் அந்த விகாரையின் அதிபதியானார். சாஸ்திர ஞானத்தில் வல்பொல ராகுலரோடு ஒப்பிடத்தக்கவர் அல்லர். தியானத்திலோ விநயத்திலோ புகழ் பெற்றவரும் அல்லர். அவருடைய ஆற்றல் முழுவதும் மனிதர்களைச் சேர்ப்பதிலும், பணம் திரட்டுவதிலும், யாருக்கு எது வேண்டும் என்று முகத்தைப் பார்த்தே அறிவதிலும் இருந்தது. இத்தகையவர்கள் எல்லா மதங்களின் ஸ்தாபனங்களிலும் தோன்றுகிறார்கள். ஸ்தாபனத்துக்குக் கூரை வேய்வதற்கும் மதில் கட்டுவதற்கும் இவர்களே வேண்டியிருப்பதால், ஞானிகள் இவர்களைச் சகித்துக்கொள்கிறார்கள். 1952ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில், விஜேவர்தன குடும்பத்தின் மருமகளாகிய விமலா விஜேவர்தன, ஜெயவர்தனவை எதிர்த்துக் களனியில் நின்றபோது, தேரர் அவருக்காக வெளிப்படையாக உழைத்தார். அம்முறை ஜெயவர்தனவே வென்றார். ஆனால் விகாராதிபதி தேர்தல் வேலையைக் கற்றுக்கொண்டார்.

விமலாவின் கணவரான டி. சி. விஜேவர்தன 1953இல் வெளியிட்ட, விகாரையில் எழும் புரட்சியைப் பற்றிய பெரிய ஆங்கிலப் புத்தகம், அக்காலப் பௌத்தர்களின் மனக்குறையை விரிவாக எடுத்துரைத்தது. அந்த மனக்குறையைப் பொய்யென்று தள்ளிவிட எந்த நியாயவானாலும் ஆகாது. நாட்டு மக்களுள் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் பௌத்தர்களாக இருந்தும், நல்ல பாடசாலைகளும் ஆங்கிலக் கல்வியும் அதனால் வரும் உத்தியோகங்களும் பெரும்பாலும் மிஷன் வழியே கிடைத்தன. கச்சேரியிலும் நீதிஸ்தலத்திலும் தங்கள் பாஷையில் ஒரு விண்ணப்பம் எழுத முடியாமல் சுதந்திர நாட்டின் பிரஜைகள் நின்றார்கள். இந்தக் கடைசிக் குறை தமிழ்க் குடியானவனுக்கும் உரியதே என்பதை அன்று எடுத்துச் சொன்னவர்கள் சிலர். கேட்டவர்கள் அவர்களிலும் சிலர். பௌத்த விசாரணைக் குழுவின் அறிக்கை 1956 பெப்ரவரி 4ஆம் திகதி, சரியாகச் சுதந்திர தினத்தன்று, வெளியானபோது அதில் கண்ட குறைகள் மேடைதோறும் ஒலித்தன. புத்தர் பரிநிர்வாணமெய்தி 2500 ஆண்டுகள் நிறையும் புத்த ஜயந்தி அவ்வாண்டு வெசாக் பௌர்ணமியில் தொடங்கவிருந்தது. தர்மம் மீண்டும் தழைக்கப்போகும் காலம் இது என்ற நம்பிக்கை கிராமந்தோறும் பரவியிருந்த அந்தச் சமயத்தில், ஓராண்டுக்கு மேற்பட்ட காலம் இன்னும் மிச்சமிருக்கும்போதே, பாராளுமன்றத்தைக் கலைத்துத் தேர்தலை அறிவித்தார் பிரதமர் சேர் ஜோன் கொத்தலாவல.

கொத்தலாவல தைரியசாலி, வாயை அடக்கத் தெரியாதவர். 1954இல் யாழ்ப்பாணம் சென்று, கொக்குவிலில் கிடைத்த வரவேற்பில் மனம் உருகி, சிங்களத்துக்கும் தமிழுக்கும் சமஅந்தஸ்து வழங்கச் சட்டஞ் செய்வேன் என்று சொல்லிவிட்டுத் தெற்கே திரும்பியவர், அங்கே எழுந்த புயலைக் கண்டதும் அந்தச் சொல்லைக் காப்பாற்றவும் மாட்டாமல், கைவிடவும் மாட்டாமல் தவித்தார். முடிவில், 1956 பெப்ரவரியில் ஐக்கிய தேசியக் கட்சி தன் மகாநாட்டைக் கூட்டித் தனிச் சிங்களத்தை ஏற்றுக்கொண்டது. அந்த மகாநாடு நடந்த இடம் களனி! சிங்களப் பௌத்தத்தின் பெயரால் எழுந்த அலையை அதன் ஊற்றுக்கண்ணிலேயே சென்று அடக்கிவிடலாம் என்று எண்ணினார்கள் போலும். ஆனால் எதிரணியினர் அதே கொள்கையைச் சில மாதங்களுக்கு முன்பே ஏற்றுக்கொண்டிருந்ததால், அரசாங்கத்தின் மனமாற்றத்தை யாரும் நம்பவில்லை. தமிழ் அமைச்சர்களையும் ஆதரவாளர்களையும் இழந்ததே அதற்குக் கிடைத்த ஒரே பலன்.

எதிரணியின் தலைவர் எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்கவின் கதையும் நேர்கோடானதன்று. மகா முதலியாரின் புதல்வராக, ஆங்கிலிக்கன் கிறிஸ்தவராகப் பிறந்து, ஒக்ஸ்போர்டில் கற்று, நாடு திரும்பியபின் பௌத்தத்தைத் தழுவித் தேசிய உடை தரித்தவர். 1926இல் இலங்கைக்குச் சமஷ்டி ஆட்சியே ஏற்றது என்று எழுதி, யாழ்ப்பாணத்து மேடையிலும் அதை விளக்கிப் பேசியவர். 1951இல் ஸ்ரீலங்கா சுதந்திரக் கட்சியைத் தொடங்கியபோது சிங்களமும் தமிழும் இரண்டுமே ஆட்சி மொழிகளாக வேண்டும் என்றவர். 1952இல் அவருடைய கட்சிக்குக் கிடைத்த ஆசனங்கள் ஒன்பதே. அவருக்கு வாக்கு வன்மை இருந்தது. பணமும் பத்திரிகையும் இல்லை. பெரிய பத்திரிகைகள் எல்லாம் அரசாங்கத்தின் பக்கம் நின்றன. கிராமத்தில் அவருடைய குரல் எட்ட வேண்டுமானால், அங்கே ஏற்கனவே மதிக்கப்படும் ஒருவர் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டியிருந்தது.

அந்த இடத்தில்தான் எக்சத் பிக்ஷு பெரமுன நுழைந்தது. தேர்தலை முன்னிட்டு, இரு பெரிய பிக்கு சங்கங்கள் சேர்ந்து அமைந்த இந்த ஐக்கிய முன்னணியின் செயலாளர்களுள் ஒருவராகப் புத்தரக்கித்த தேரர் அமர்ந்தார். கண்டியின் மல்வத்தை, அஸ்கிரிய பீடங்களின் மகாநாயகர்களுக்குப் பிக்குகள் வீடு வீடாகச் சென்று வாக்குக் கேட்பது உவப்பாக இல்லை. ஆனால் கீழ்நாட்டு இளம் பிக்குகள் கண்டியின் விருப்பத்துக்குக் காத்திருக்கவில்லை. இந்தப் பிரசாரம் எவ்வாறு நடந்தது என்பதைச் சற்று நின்று பார்ப்பது தகும். கிராமத்தில் நூறு பேர் கூடுவதற்குக் கூரையுள்ள இடம் விகாரையின் தர்மசாலை. மாதந்தோறும் போயா தினங்களில் அழைப்பின்றியே அவ்விடத்தில் சனம் சேரும். கேட்போர் குறுக்கே பேசாத, எதிர்வாதத்துக்கு இடமில்லாத ஒரே பிரசங்கம் தர்மோபதேசம். இறந்த வீட்டுக்கும், பிரித் ஓதும் வீட்டுக்கும், நோயாளியின் படுக்கைக்கும் சென்றுவரும் பிக்குவுக்கு, எந்தக் குடும்பம் யாரோடு பகை, யார் யாருக்குக் கடன் என்பதெல்லாம் தெரியும். விகாரைக்கு அருகே சிங்களப் பாடசாலை ஆசிரியர். அவருக்கு அடுத்தபடியாக நாட்டு வைத்தியர். இம்மூவரும் ஆங்கிலத்தால் ஒதுக்கப்பட்டவர்கள். மூவரும் ஊராரால் மதிக்கப்பட்டவர்கள். பண்டாரநாயக்க சங்கம், வைத்தியர், ஆசிரியர், குடியானவர், தொழிலாளர் என்று ஐந்து மகாசக்திகளைக் கூறிச் சங்கத்தை முதலில் வைத்தது உபசாரத்துக்காக மட்டுமன்று. முந்திய தேர்தல்களில் கிராமத்து வாக்கைத் திரட்டிக் கொடுத்த நிலப்பிரபுவும் முதலாளியும், கூலி கொடுத்து வேலை வாங்கியவர்கள். சீவரம் தரித்தவருக்குக் கூலி வேண்டியதில்லை. பயணச் செலவும் பெரிதன்று. போகும் ஊரிலெல்லாம் அன்னமிடுவதைப் புண்ணியமென்று கருதுவோர் இருந்தார்கள்.

பிரசாரத்தின் உச்சமாக வெளிவந்த சித்திரம் ஒன்று இன்றளவும் பேசப்படுகிறது. போதி மரத்தடியில் அமர்ந்த புத்தரை மாரன் படையோடு எதிர்த்த பழைய காட்சியை, எந்த விகாரைச் சுவரிலும் காணலாம். அதே அமைப்பில், யானைமேல் ஏறிய கொத்தலாவல புத்தரின் திருவுருவத்தை நோக்கி ஆயுதம் ஓங்குவதாகவும், அவர் பின்னே மதுப்புட்டிகளும், கட்டித் தழுவி நடனமாடும் ஆண் பெண்களும், வெட்டப்பட்ட கன்றின் உடலும் ஊர்வலம் வருவதாகவும் தீட்டி, மார யுத்தம் என்று அதற்குப் பெயருமிட்டார்கள். ஐக்கிய தேசியக் கட்சியின் சின்னம் யானை. மாரனின் வாகனமும் யானையே. படிக்கத் தெரியாதவனுக்கும் விளங்கும் வண்ணம் இதைவிடச் சாமர்த்தியமாக ஒரு சுவரொட்டியை யாராலும் அமைத்திருக்க முடியாது. அது அரசாங்கத்தின் கொள்கையைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை என்பதையும், சொல்ல வேண்டியிருக்கவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். எதிரியை மூடன் என்றால் அவன் மறுத்து வாதிடலாம்; மாரன் என்றால் எதைச் சொல்லி மறுப்பது?

இவ்விடத்தில் தமிழ் வாசகர் தம்மை மிகவும் உயர்வாக எண்ணிக்கொள்ளாதிருப்பதற்காக ஒன்றைச் சொல்லி வைக்கலாம். 1879இல், சட்டநிரூபண சபையின் தமிழ்ப் பிரதிநிதி ஸ்தானம் காலியானபோது, கிறிஸ்தவரான பிறிற்றோவுக்கு எதிராகப் பொன்னம்பலம் இராமநாதனே அதற்குத் தகுந்தவர் என்று யாழ்ப்பாணத்தில் கூட்டம் கூட்டி வாதாடியவர் ஆறுமுக நாவலர். அன்று வாக்கெடுப்பு இல்லை, தேசாதிபதியின் நியமனமே இருந்தது. நாவலர் தமக்கென்று எதையும் நாடியவரும் அல்லர். எனினும், சமயப் பெரியாரின் சொல்லை அரசியல் ஸ்தானத்துக்குப் பரிந்துரையாக்கும் வழக்கத்தைத் தெற்கிலிருந்து நாம் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கவில்லை.

1956 ஏப்ரல் 5, 7, 10 ஆகிய மூன்று தினங்களில் வாக்களிப்பு நடந்தது. பண்டாரநாயக்கவின் தலைமையில் அமைந்த மகாஜன எக்சத் பெரமுன என்ற கூட்டணி 95 ஆசனங்களுள் 51ஐப் பெற்றது. ஆளுங்கட்சிக்கு மிஞ்சியவை எட்டு. களனியில் ஜெயவர்தனவைத் தோற்கடித்தவர் ஆர். ஜி. சேனநாயக்க, அவர் தம்பதெனியாவிலும் அதே சமயத்தில் நின்று, இரண்டு தொகுதிகளிலும் வென்றார். மீரிகமவில் வென்ற விமலா விஜேவர்தன மந்திரிசபையில் இடம் பெற்றார். இலங்கையில் அந்த ஸ்தானத்தை அடைந்த முதற் பெண்மணி அவரே. வடக்கிலும் கிழக்கிலும் தமிழரசுக் கட்சி பத்து ஆசனங்களைப் பெற்றது. இரு பகுதியிலும் மக்கள் மொழியின் பெயரால் வாக்களித்திருந்தார்கள். ஒருவர் வெற்றியே மற்றவருக்கு அச்சமாக நின்றது.

வெற்றிக்குப் பிறகு, கடன்கொடுத்தவர்கள் வரத் தொடங்கினார்கள். வியாபாரியிடம் வாங்கிய தேர்தல் செலவுக்கு ஒரு தொகை உண்டு. அதைத் திருப்பிக் கொடுத்து விடுதலை பெறலாம். ஒரு பிக்கு முன்னணி ஈட்டிக் கொடுத்த வெற்றிக்கு எழுதிய கணக்கு இல்லை. ஆகவே அது தீர்ந்ததென்று சொல்லும் உரிமை கடன்பட்டவருக்கும் இல்லை. பண்டாரநாயக்கவின் பிற்கால வாழ்வு முழுவதையும் இந்த ஒரு நிலைமையே ஆட்டிப்படைத்தது என்பது என் கருத்து. அவர் தனிச் சிங்கள மசோதாவில் தமிழின் நியாயமான உபயோகத்துக்கு இடம் வைக்க எண்ணினார். பல்கலைக்கழக விரிவுரையாளர் ஒருவர் பாராளுமன்றக் கட்டடத்தில் உண்ணாவிரதமிருக்க, பிக்குகளும் திரண்டெழ, அந்தப் பகுதிகள் நீங்கின. 1956 ஜூன் 5ஆம் திகதி காலிமுகத் திடலில் சத்தியாக்கிரகமிருந்த தமிழரசுக் கட்சியினர் காடையரால் தாக்கப்பட்டபோது மசோதா சபையில் வாசிக்கப்பட்டுக்கொண்டிருந்தது. 1957 ஜூலை 26இல் தமிழரசுக் கட்சித் தலைவர் செல்வநாயகத்தோடு பண்டாரநாயக்க ஒப்பந்தம் செய்துகொண்டு, பிரதேச சபைகளுக்கும் தமிழின் நிர்வாக உபயோகத்துக்கும் வழிவகுத்தார். அதை எதிர்த்து ஒருபுறம் ஜெயவர்தன கண்டிக்குப் பாதயாத்திரை புறப்பட்டார்; களனி நிழலை இழந்தவர் தலதா மாளிகையின் நிழலைத் தேடினார் என்று சொன்னால் அது பெரிய நிந்தையாகாது. மறுபுறம், 1958 ஏப்ரல் 9ஆம் திகதி காலை, பிக்குகளும் அவர்களோடு வந்தவர்களுமாக நூற்றுக்கணக்கானோர் கொழும்பு ரொஸ்மீட் பிளேஸில் பிரதமரின் வீட்டுக்கு முன்னே அமர்ந்து, ஒப்பந்தத்தை ரத்துச் செய்வதாக எழுத்தில் தந்தாலன்றி எழுந்திரோம் என்றார்கள். அன்று பிற்பகலுக்குள் அவர் எழுதிக் கொடுத்தார். அடுத்த மாதம் நடந்த கலவரத்தைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை. அதைக் கண்டவர்களின் நினைவும், அகதிகளை ஏற்றிக்கொண்டு வடக்கே சென்ற கப்பல்களும் அதற்குச் சாட்சி.

எழுதிக் கொடுத்த அந்தப் பிரதமரைக் கோழை என்று பலர் ஏசினார்கள். ஆனால் அவர் நிலையில் வேறொருவர் என்ன செய்திருக்கலாம் என்று எண்ணிப் பார்க்க வேண்டும். தாம் பதவிக்கு வந்ததே சங்கத்தின் ஆசியினால் என்று மேடைதோறும் சொன்னவர், அதே சீவரங்கள் தம் வாசலில் வந்தமர்ந்தபோது, பொலிஸாரை அழைத்துத் தூக்கிச் செல்லுங்கள் என்று எவ்வாறு சொல்வார்? பிக்குகளைக் கண்டால் வணங்க வேண்டும் என்பது அவர் தழுவிக்கொண்ட சமயத்தின் ஆசாரம். வணங்கிக்கொண்டே மறுத்துப் பேசும் வித்தை சிலருக்கே வாய்க்கும்.

புத்தரக்கித்த தேரரோ மொழிச் சட்டத்தோடு திருப்தியடைந்தவர் அல்லர். அவர் ஸ்ரீலங்கா சுதந்திரக் கட்சியின் உள்வட்டத்தில் செல்வாக்குப் பெற்று, உழவருக்குக் குத்தகைப் பாதுகாப்பளிக்கும் நெற்காணிச் சட்டத்தைக் கொண்டுவந்த பிலிப் குணவர்தனவை மந்திரிசபையிலிருந்து விரட்டும் வலதுசாரி அணிக்குப் பின்பலமாக நின்றார். 1959 மே மாதத்தில் குணவர்தன விலகினார். ஆனால் அரசியலுக்கு அப்பாலும் சில காரியங்கள் இருந்தன. தேரரும் அவருடைய வியாபார நண்பர் எச். பி. ஜெயவர்தனவும் கப்பற்கம்பனி ஒன்றை ஏற்படுத்தி, அரசாங்கத்துக்கு அரிசி ஏற்றிவரும் ஒப்பந்தத்தை எதிர்பார்த்ததாகவும், அது கிட்டாமற்போன ஏமாற்றமே பகைக்கு முதற் காரணம் என்றும் பின்னர் நீதிமன்றத்தில் அரசதரப்பு வாதிட்டது. தேரருடைய தனிவாழ்க்கையைப் பற்றி அநாமதேயத் துண்டுப் பிரசுரங்கள் வெளிவந்து, அவற்றைத் தடுக்கப் பிரதமர் முன்வரவில்லை என்ற கோபமும் அதனோடு சேர்ந்தது.

கொலை நடந்தது 1959 செப்டெம்பர் 25, வெள்ளிக்கிழமை காலை. ரொஸ்மீட் பிளேஸ் வீட்டின் விறாந்தையில் வழக்கம்போல் மனுக்கொடுக்க வந்தவர்கள் காத்திருந்தார்கள். தல்துவே சோமராம தேரர் என்ற பிக்குவும் அவர்களிடையே அமர்ந்திருந்தார். அவர் கண் வைத்தியர். கொழும்பு சுதேச வைத்தியக் கல்லூரியில் விரிவுரையாளர். பிரதமர் போற்றிய ஐந்து மகாசக்திகளுள் சங்கம், வைத்தியம், ஆசிரியம் என்ற மூன்றும் அந்த ஒருவரிடத்தில் கூடியிருந்தன. சீவரம் தரித்தவரைச் சோதிக்கும் வழக்கம் அந்த வாசலில் இல்லை. வைத்தியக் கல்லூரியின் குறைகளைப் பற்றி ஏதோ சொன்ன பிக்குவைக் கேட்டு, அதற்கு ஆவன செய்வதாகக் கூறி, வணங்கி விடைகொடுக்க முற்பட்ட பிரதமரைச் சீவரத்தின் மடிப்பில் மறைத்திருந்த கைத்துப்பாக்கி சுட்டது. மறுநாள் காலை அவர் மருத்துவமனையில் இறந்தார். இறப்பதற்கு முன், சுட்டவர்மேல் வன்மம் கொள்ளாது கருணை காட்டும்படி அவர் நாட்டு மக்களுக்குச் செய்தி விடுத்தார். அதில் அம்மனிதரைப் பிக்கு என்று சொல்லாமல், பிக்குவின் உடை தரித்த ஒருவர் என்றே குறித்தார்.

1961இல் நடந்த நீண்ட விசாரணையின் முடிவில் புத்தரக்கித்த தேரர், எச். பி. ஜெயவர்தன, சோமராம தேரர் ஆகிய மூவருக்கும் மரண தண்டனை விதிக்கப்பட்டது. இதில் ஒரு விபரீதம் உண்டு. தூக்குத் தண்டனையை 1958இல் நிறுத்திவைத்தது பண்டாரநாயக்கவின் அரசாங்கமே; அவர் கொலையுண்டபின், அதே தண்டனையை முன்தேதியிட்டு மீட்டார்கள். அவசரத்தில் எழுதப்பட்ட அந்தச் சட்டத்தின் வாசகம், கொலைக்குப் பொருந்துமேயன்றிக் கொலைச் சதிக்குப் பொருந்தாது என்று மேன்முறையீட்டு மன்றம் கருதியதால், மற்ற இருவரின் தண்டனையும் ஆயுட்சிறையாகக் குறைந்தது. சோமராமர் மட்டும் 1962 ஜூலை 6ஆம் திகதி வெலிக்கடைச் சிறையில் தூக்கிலிடப்பட்டார். அதற்குமுன் சீவரத்தைக் களைந்து கிறிஸ்தவராக ஞானஸ்நானம் பெற்றார் என்பது அக்காலத்தவர்களை மேலும் திகைக்க வைத்தது. புத்தரக்கித்தர் 1967இல் சிறையிலேயே இருதய நோயால் இறந்தார்.

1960ஆம் ஆண்டு இருமுறை நடந்த பொதுத் தேர்தல்களில் சீவரங்கள் மேடையில் முன்போல் காணப்படவில்லை. கொலையின் அவமானம் குற்றமற்ற ஆயிரக்கணக்கான பிக்குகளின்மீதும் விழுந்து, சிலகாலம் வீதியில் அவர்களைக் கண்டு முகந்திருப்பியவர்களும் உண்டு. எக்சத் பிக்ஷு பெரமுன சிதறிப்போயிற்று. ஆயினும் இந்த ஒதுக்கம் நான்கு ஆண்டுகளே நீடித்தது. 1964இல் பத்திரிகைகளை அரசு கைப்பற்றும் மசோதாவை எதிர்த்துப் பிக்குகள் திரண்டார்கள். அவ்வாண்டு டிசெம்பரில், கொலையுண்டவரின் மனைவி சிறிமாவோ பண்டாரநாயக்கவின் அரசாங்கம் சபையில் ஒரே வாக்கினால் தோற்றது. அதன்பின் எந்தக் கட்சியும் பிக்குகளை மேடைக்கு அழைக்கத் தயங்கவில்லை. 2001இல் பத்தேகம சமித்த தேரரும், 2004இல் ஜாதிக ஹெல உறுமயவின் பட்டியலில் ஒன்பது பிக்குகளும் பாராளுமன்ற அங்கத்தினர்களாகவே புகுந்தார்கள். அவர்களுள் சிலருடைய கொள்கைகளைத் தமிழர்கள் வெறுத்ததற்கு நியாயம் உண்டு. ஆயினும் 1956ஆம் ஆண்டின் முறையைக் காட்டிலும் இதையே நான் விரும்புவேன். தம் பெயரால் வாக்குக் கேட்டு, சபையில் எழுந்து பேசி, ஹன்சார்டில் பதிந்து, அடுத்த தேர்தலில் தோற்கவும் கூடிய ஒருவரோடு வாதாடலாம். புத்தரக்கித்த தேரர் எந்தத் தேர்தலிலும் வேட்பாளராக நின்றதில்லை.